கழுகுமேட்டுக்குப் போன ஜீப்

“வண்டிய எடுடி! இன்னும் என்னத்தச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நிக்கிற?”

ஒச்சம்மாள் போட்ட சத்தத்தில் சாம்பலூத்து ஜீப் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் தங்கை மட்டும் திரும்பவில்லை. ஜீப்பின் வலது ஹெட்லைட் முன்னால் குந்தி உட்கார்ந்து, மூன்று திருகாணிகளைக் கழற்றி மண்ணில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்குப் போதுமணி என்று பெயர். போதும் என்று வைத்த பெயரே தவிர, அவளுக்கு எதுவும் போதாது. எஸ்டேட் வேலை போதாமல் ஜீப் ஓட்டக் கற்றாள். அடிவாரத்தில் ஓட்டுவது போதாமல் மலை ஏறினாள். இருபத்தெட்டு வயதில் அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு பள்ளமும் அவளுக்கு மனப்பாடம்.

“பத்தே நிமிசம்க்கா. டிம் லைட்டு எரியல. மேல மஞ்சு இறங்கிருச்சுன்னா பட்டப்பகல்லயே கையில இருக்கிற விரலு தெரியாது. மச்சானத் தேடிப் போயி நாங்க காணாமப் போகவா?”

மச்சான் என்றது ஒச்சம்மாளின் கணவர் காசிமாயனை. அவர் காணாமல் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது.

காசிமாயனின் ஏலத்தோட்டம் அந்த வருடம் அழுகல் நோயில் முழுக்கப் போய்விட்டது. சாம்பலூத்தில் யார் தோட்டமும் தப்பவில்லை. கழுகுமேட்டு உச்சியில், நாற்பது வருடத்துக்கு முன்பு கைவிடப்பட்ட எஸ்டேட் ஒன்றில் கருந்தண்டு ஏலம் இன்னும் காடாய் வளர்ந்து நிற்கிறது, எத்தனை மழை பெய்தாலும் அது அழுகாது என்று யாரோ சொல்லக் கேட்டார் மனிதர். அவ்வளவுதான்! பழைய ஆட்களிடம் விசாரித்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வழியை வரைந்துகொண்டு, தன் கிழட்டு ஜீப்பில் தனியாகக் கிளம்பிவிட்டார். முதலில் வரைந்து, சரியில்லை என்று கசக்கிப் போட்ட தாள் ஒன்றுதான் இப்போது ஒச்சம்மாளின் கையில் இருந்தது.

வனத்துறை ஆட்கள் மலையின் மறுபக்கம் மண்சரிவில் சிக்கியவர்களை மீட்டுக்கொண்டிருந்தார்கள். “நாங்க வர நாளைக்கு ஆயிரும். பாதை தெரிஞ்ச ஆளோட நீங்க கெளம்புங்க” என்று அனுமதி கொடுத்திருந்தார்கள்.

பாதை தெரிந்த ஆள் தவசி. ஏலத்தோட்டக் காவல்காரர். இருபது வருடமாக அந்தக் காட்டில் நடக்கிறவர். அவர் கயிறும் அரிவாளும் எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறியிருந்தார். பின்னால் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஷெரிபா, மடியில் மருந்துப் பையோடு இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். காட்டுக்குள் போவது இதுவே முதல் தடவை.

போதுமணி புது பல்பைத் துணியால் பிடித்து எடுத்தாள்.

“கையில பிடிச்சா என்ன மணியக்கா?” என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள் ஷெரிபா.

“கை எண்ணெய் கண்ணாடியில ஒட்டிரும் சிஸ்டர். எரிஞ்சு சூடேறும்போது அந்த எடத்துல வெடிச்சிரும்.”

பல்பை உட்கார வைத்து, கம்பியை மாட்டி, ரப்பர் மூடியை அமுக்கினாள். சுவிட்சைப் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிறகு வண்டியை ஒரு சுற்று வந்தாள். இடது, வலது, பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ். எல்லாம் எரிந்தன. உதிரி பல்புகளைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்த டப்பாவை சீட்டுக்கு அடியில் செருகினாள். ஹெட்லைட் பல்பில் உதிரி இனி இல்லை. பின்பக்க பல்பு மட்டும் ஒன்று இருந்தது.

“மச்சானோட வர்றேன்க்கா!” என்றாள். ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஆறாவது கிலோமீட்டரில் நரியாறு குறுக்கிட்டது. தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆழம் பார்க்க இறங்கிய தவசி, பாசியில் வழுக்கி நிமிர்வதற்குள் இடுப்பிலிருந்த டார்ச் லைட் ஆற்றோடு போய்விட்டது.

“போனாப் போகட்டும்ண்ணே, நீங்க போகலியே!” என்றாள் போதுமணி.

தவசி சிரிக்கவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டிருந்த மலையைக் காட்டினார். “அங்க மழை பிடிச்சா இங்க தண்ணி வந்துரும் தங்கச்சி. மூணு மணிக்குள்ள திரும்பி இந்த ஆத்தத் தாண்டிரணும். இல்லேன்னா ரெண்டு நாளைக்கு அங்கிட்டுதான்.”

போதுமணி நாலு வீலும் சேர்ந்து இழுக்கும்படி லிவரைப் போட்டு, ஆற்றைக் கடந்து ஏறினாள். பாதை குறுகியது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் அதலபாதாளம்! விளிம்பில் எந்தக் காலத்திலோ நட்டு வைத்த வெள்ளைக் கற்கள் மட்டும் ஆங்காங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. பத்து மணிக்கெல்லாம் மஞ்சு அடர்ந்த மூடுபனியாய் இறங்கியது. முதலில் மரங்களின் உச்சி மறைந்தது, அப்புறம் மரங்களே மறைந்தன.

“பெரிய லைட்டப் போடுங்கக்கா, ஒண்ணுமே தெரியல!” என்றாள் ஷெரிபா.

“போட்டுக் காட்டவா?” போதுமணி ஒரு நொடி போட்டாள். எதிரே வெள்ளைச் சுவர் எழும்பியது போல மஞ்சு முகத்தில் அடித்தது. மறுபடி டிம்முக்கு மாற்றினாள். தரையோடு தரையாக வெளிச்சம் பரவி, பத்தடிக்குப் பாதை தெரிந்தது. “மஞ்சுக்குள்ள கீழ பாக்குற வெளிச்சந்தான் வேலை செய்யும் சிஸ்டர்.”

மூங்கில் காட்டை நெருங்கும்போதுதான் அது நடந்தது. “நிறுத்து!” என்று தவசி அலறினார். பிரேக் பிடிப்பதற்குள், யானை ஒடித்துப் போட்டிருந்த மூங்கில் ஒன்று ஈட்டி போல நீட்டிக்கொண்டு வந்து இடது ஹெட்லைட்டில் பாய்ந்தது. படார்! கண்ணாடி நொறுங்கியது. உள்ளே பளபளப்பாக இருந்த கிண்ணமும் கிழிந்து தொங்கியது.

போதுமணி இறங்கிப் பார்த்தாள். இனி பல்பு இருந்தாலும் அதில் மாட்ட முடியாது. திரும்பி இறங்கும்போது பள்ளம் இடது பக்கம். அந்தப் பக்கத்து விளக்குதான் விளிம்பைக் காட்ட வேண்டும்.

“திரும்பிரலாமா தங்கச்சி?”

“ஏறுறதுக்கு ஒத்த லைட்டு போதும்ண்ணே. எறங்குறதப் பத்தி எறங்கும்போது யோசிப்போம்!”

ஒச்சம்மாள் கொடுத்தனுப்பிய காலண்டர் தாளில் மூன்று பாறை போட்டு அம்புக்குறி வரைந்திருந்தது. அந்த மூன்று பாறையையும் தவசி கண்டுபிடித்தார். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் புல் மூடிய பழைய எஸ்டேட் பாதை. நூறு கஜம் போனதும் எதிரே ஒரு ஜீப் சாய்ந்து கிடந்தது. முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கி, அச்சு முறிந்திருந்தது.

“மச்சான்! மச்சானோவ்!”

மஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. மூவரும் புதரை விலக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பாறை இடுக்கில், சாக்கைப் போர்த்திக்கொண்டு, நீல உதடுகளோடு காசிமாயன் சாய்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிக் கோணிக்கிடந்தது. பக்கத்தில், அவர் சட்டையையும் துண்டையும் போர்த்திக்கொண்டு பதினைந்து ஏலக் கன்றுகள் சொகுசாக நின்றன. தண்டெல்லாம் நாவல்பழ நிறம்.

“வந்துட்டியா கொழுந்தியா? கன்னுகளப் பாத்து, மிதிக்காம வா” என்றார் அவர்.

போதுமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “நீங்க பொழைக்கிறதப் பாருங்க மொதல்ல!”

காட்டைக் கண்டு பயந்திருந்த ஷெரிபா இப்போது வேறு ஆளாக மாறிவிட்டாள். ஊசி போட்டாள், மூங்கிலைப் பிளக்கச் சொல்லி இரண்டு பக்கமும் வைத்துக் காலை இறுகக் கட்டினாள். தவசியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “உடம்பு ரொம்பக் குளுந்து போச்சுண்ணே. கால்ல ரத்த ஓட்டம் கொறையுது. இன்னைக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா கால எடுக்க வேண்டி வரும்.”

அவரைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. போதுமணி நேராகக் காசிமாயனின் ஜீப் முன்னால் போய் நின்றாள். அதன் இரண்டு ஹெட்லைட்டும் அடிபடாமல் முழித்துக்கொண்டிருந்தன!

ஒரு பல்பைக் கழற்றிப் பார்த்தாள். பழைய மாடல். அடிவட்டம் பெரிது. அவள் வண்டியில் நுழையாது. தவசியின் முகம் தொங்கிப்போயிற்று.

“சேராதா?”

“பல்புதான சேராது? டூமோட கழட்டுவோம்ண்ணே!” கண்ணாடி, கிண்ணம், பல்பு எல்லாம் சேர்ந்த அந்த முழு உருண்டைக்குத்தான் டூம் என்று பெயர். “ரெண்டு வண்டிக்கும் வட்டம் ஒரே அளவு. பின்னாடி மாட்டுற மூணு கால் ஹோல்டரும் ஒண்ணுதான்.”

வளையத்தின் திருகாணிகள் துருவேறி அசைய மறுத்தன. ஷெரிபாவின் பையிலிருந்த எண்ணெயைச் சொட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் தலையில் கல்லால் தட்டித் தட்டி நெகிழ்த்தினாள். டூம் கையோடு வந்தது. உடைந்ததைக் கழற்றி இதைப் பொருத்தி, ஹோல்டரைச் செருகினாள். சுவிட்ச்!

மஞ்சள் வெளிச்சம் பரவியது. “என் வண்டி லைட்டு உன் வண்டிய விட நல்லா எரியுதே!” என்று பின்னாலிருந்து காசிமாயன் முனகினார்.

ஆனால் ஒரு சிக்கல். காசிமாயனும் கன்று மூட்டையும் ஷெரிபாவும் பின்னால் ஏறியதும் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. இரண்டு விளக்கும் பாதையை விட்டு ஆகாயத்தைப் பார்த்தன. போதுமணி விளக்கின் ஓரத்திலிருந்த சிறு திருகைச் சுழற்றிச் சுழற்றி, வெளிச்சம் தரையில் விழும்வரை இறக்கினாள். இரண்டையும் சரிபார்த்தாள். “இப்பப் போகலாம்!”

இறக்கம் தொடங்கியது. மஞ்சு இன்னும் கெட்டியாகிவிட்டது. இடது விளக்கு ஒவ்வொரு வெள்ளைக் கல்லாகத் தொட்டுக் காட்டியது. அதை எண்ணிக்கொண்டே அவள் ஓட்டினாள். மேற்கே இடி உருண்டது. மணி இரண்டு. இன்னும் நாலு கிலோமீட்டரில் ஆறு.

ஒரு வளைவில் திரும்பியபோது, முன்னால் மஞ்சு சாம்பல் நிறமாக அசைந்தது.

தவசி அவள் முழங்கையைப் பிடித்தார். குரல் காற்றாய் வந்தது. “ஆனை. குட்டியோட நிக்குது. ஹாரன் அடிக்காத. லைட்டத் தணி. இஞ்சின அமத்து.”

சின்ன விளக்கு மட்டும் எரிய, ஜீப் அடங்கி நின்றது. முப்பதடி தூரத்தில் தாய் யானை பாதையை அடைத்து நின்றது. காது இரண்டும் விரிந்திருந்தன. அதன் கால்களுக்கு நடுவே குட்டியின் தும்பிக்கை எட்டிப் பார்த்தது.

“பாதைய விட்டு அதால எறங்க முடியாது. நாமதான் விலகணும்” என்றார் தவசி. “பின்னால அறுபது கஜத்துல பாறையடியில அகலமா ஒரு எடம் இருக்கு. அங்கிட்டு ஒதுங்கினா அது போயிரும்.”

அறுபது கஜம். பின்னோக்கி. வளைவில். மஞ்சில்! போதுமணி பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் கியரைப் போட்டு, சாவியைப் பாதி திருப்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெளிச்சமே இல்லை. காலையில் எரிந்த ரிவர்ஸ் லைட், வழியெல்லாம் குலுங்கியதில் போய்விட்டிருந்தது.

“நான் எறங்கிக் காட்டுறேன்” என்று தவசி அசைந்ததும் யானை ஒரு அடி முன்னால் வைத்தது. அவர் அப்படியே உறைந்தார்.

போதுமணி கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து டப்பாவைத் திறந்தாள். பஞ்சுக்குள்ளே கண்ணாடித் தூள். இருந்த ஒரு பல்பும் நொறுங்கியிருந்தது.

கண்ணை மூடித் தன் வண்டியின் பின்பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவந்தாள். இடது மூலையில் ஒரே கூட்டுக்குள் இண்டிகேட்டர், அதற்கு அடுத்து ரிவர்ஸ். இரண்டுக்கும் ஒரே மாதிரி பல்பு! இப்போது யாருக்கு இண்டிகேட்டர் காட்டப் போகிறோம்?

“அண்ணே, கியரு ரிவர்ஸ்லயே இருக்கட்டும். அதத் தொடாதீங்க. ஆனையையே பாத்துக்கிட்டு இருங்க. அசைஞ்சா சொல்லுங்க.”

சீட்டைத் தாண்டிப் பின்பக்கம் ஊர்ந்தாள். பின் தட்டியின் மேலே குப்புறப் படுத்து, இடுப்புவரை வெளியே தொங்கினாள். ஷெரிபா ஒரு கையால் அவள் காலைக் கட்டிக்கொண்டாள், மறு கையில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். அந்த வெளிச்சம் மஞ்சில் ஒரு முழம்கூடப் போகவில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஒரு முழம் போதும்.

திருகாணி ஒன்று. இரண்டு. கண்ணாடி மூடியை வாயில் கவ்விக்கொண்டாள். இண்டிகேட்டர் பல்பை அமுக்கி, இடப்பக்கமாய்த் திருப்பி, இழுத்தாள். வந்தது! ரிவர்ஸ் பல்பையும் அதே மாதிரி கழற்றி எறிந்து, அந்த இடத்தில் இதை வைத்து அமுக்கித் திருப்பினாள்.

எரியவில்லை!

“ரெண்டடி முன்னால வந்துருச்சு” என்றது தவசியின் குரல்.

போதுமணி விரலைக் கூட்டுக்குள் விட்டாள். சொரசொரவென்று துரு. “சிஸ்டர், ஊசி எதாச்சும்! கெட்டியா!”

ஷெரிபா முக்காட்டிலிருந்த ஊசியைப் பல்லால் பிடுங்கி நீட்டினாள். போதுமணி கூட்டின் அடியைச் சுரண்டினாள். பழுப்புத் தூள் உதிர்ந்தது. ஓரத்தைச் சுரண்டினாள். மஞ்சின் ஈரம் கண்ணில் வழிந்தது. காசிமாயன் அவளது இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டு, “அவசரப்படாத, அவசரப்படாத” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பல்பை மறுபடி வைத்து, அமுக்கித் திருப்பினாள்.

பளிச்!

வெள்ளை வெளிச்சம் பாதையில் விழுந்தது. விளிம்பில் ஒரு கல், அதற்கப்பால் இன்னொரு கல். மூடியை மாட்ட நேரமில்லை. உள்ளே உருண்டு, ஸ்டியரிங்குக்குத் தாவினாள். கிளட்ச்சை மிதித்துச் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சத்தம் கேட்டதும் யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. மலையே அதிர்ந்தது!

“போ தங்கச்சி!”

“இடது பக்கம் ரெண்டு சாண் இருக்கு!” என்று ஷெரிபா பின்னாலிருந்து கத்தினாள். “இப்ப ஒரு சாண்! வலதுக்கு ஒடிங்கக்கா! போதும், போதும்!”

ஜீப் பின்னோக்கி ஏறியது. சக்கரத்தடியில் ஒரு கல் நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. யானை பத்தடி ஓடி வந்து நின்றது. இருபது கஜம், நாற்பது கஜம், ஐம்பது கஜம். பின் வெளிச்சத்தில் கரும்பாறை தெரிந்தது. போதுமணி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வண்டியைப் பாறையோடு ஒட்டி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்தாள்.

ஈர மண்ணில் கனமான காலடிகள் நெருங்கின. சாம்பல் மலை ஒன்று ஜீப்பை உரசாத குறையாகக் கடந்தது. பின்னால் குட்டி குடுகுடுவென்று ஓடியது. மூங்கில் முறியும் சத்தம் மெல்ல மெல்லத் தூரமாகிப் போனது.

“இனி எடு” என்றார் தவசி. அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

நரியாற்றை அடைந்தபோது மூன்றாக ஐந்து நிமிடம். தண்ணீர் செம்மண் நிறத்தில் பம்பரைத் தொட்டுக்கொண்டு ஓடியது. போதுமணி யாரையும் கேட்கவில்லை. நாலு வீலும் ஒரே மூச்சாய் இழுக்க, முன்னால் அலை எழுப்பிக்கொண்டு ஜீப் அக்கரை ஏறியது. கால் மணி நேரத்தில் அந்த இடத்தில் ஒரு மரம் மிதந்து போனதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

ஒச்சம்மாள் ஸ்டாண்டிலேயே காத்துக்கொண்டிருந்தாள். ஜீப்பில் தாவி ஏறியவள் புருசனைத் திட்டியபடியும் அழுதபடியும் ஆஸ்பத்திரிவரை வந்தாள். டவுனுக்குள் ஆஸ்பத்திரிச் சாலைக்கு இடது பக்கம் திரும்பியபோது போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டி மறித்தார்.

“ஏம்மா, இண்டிகேட்டர் போடாம ஒடிக்கிற?”

“அந்த பல்ப ரிவர்ஸ்ல மாட்டியிருக்கு சார். ஆனை வந்துருச்சு.”

போலீஸ்காரர் அவளைப் பார்த்தார். சேறு பூசிய முகம். ஒன்றுக்கு ஒன்று நிறம் மாறிய ஹெட்லைட்டுகள். பின்னால் கட்டுப் போட்ட காலோடு ஒரு மனிதர், அவர் மடியில் ஏலக் கன்றுகள். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தன் பைக்கைக் கிளப்பி, ஆஸ்பத்திரி வாசல்வரை முன்னால் வழி விலக்கிக்கொண்டே போனார்.

கால் பிழைத்தது. “இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்று டாக்டர் சொன்னபோது ஷெரிபா முதன்முறையாக உட்கார்ந்து அழுதாள். பதினைந்து கன்றில் பதினொன்று பிழைத்தன. அடுத்த மழையில் அழுகல் மறுபடி வந்தது. சாம்பலூத்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, அந்தப் பதினொன்று மட்டும் நாவல் தண்டை நிமிர்த்திக்கொண்டு நின்றன. அதற்கடுத்த வருடம் அவற்றின் கன்றுகள் ஊரெல்லாம் போயின.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். யானைக் கதையைக் கேட்க ஸ்டாண்டில் கூட்டம் கூடியிருந்தது. போதுமணி கதையை முடித்துவிட்டு, “எங்கே, உங்க வண்டியெல்லாம் ரிவர்ஸ் கியரப் போடுங்க பாப்போம்” என்றாள்.

பதினாலு ஜீப்புகள். பதினாலு டிரைவர்களும் சிரித்துக்கொண்டே ஏறிக் கியரைப் போட்டார்கள். எரிந்தது ஐந்து.

சிரிப்பு நின்றது. முதலில் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு இறங்கினார். அப்புறம் இன்னொருவர். சற்று நேரத்தில் ஒன்பது பேர் தங்கள் வண்டிகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.